உத்தரவாதம் முடிந்தபின் உடையும் எஞ்சின்: யார் பொறுப்பு?

ஐரோப்பாவில் வாழும் எம்மவர் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகக் கடன்பட்டு வாங்கும் பொருள் கார். அதன் எஞ்சின், உத்தரவாதம் முடிந்து சில மாதங்களில் உடைந்துபோனால் விற்பனை நிலையத்தில் முதலில் கிடைக்கும் பதில், ‘உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது’ என்பதுதான். பலர் அதோடு திரும்பிவிடுகிறார்கள். சிலர் இன்னொரு கடன் எடுத்து எஞ்சினை மாற்றுகிறார்கள். வேறு சிலர் காரைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு, இல்லாத காருக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறார்கள்.

அந்தப் பதில் பாதிதான் உண்மை. உற்பத்தியாளர் 2 ஆண்டு, 3 ஆண்டு என்று தரும் உத்தரவாதம் அவராக விரும்பிக் கொடுப்பது. வாங்கியவருக்கு நாட்டின் சட்டம் தரும் உரிமை வேறு. முதலாவது முடிந்த திகதியில் இரண்டாவது முடிந்துவிடுவதில்லை.

இதற்கு அண்மைய ஆண்டுகளின் பெரிய உதாரணம் 1.2 லீற்றர் பியூர்டெக் பெற்றோல் எஞ்சின். பெஜோ 208, 2008, 308, சித்ரோயன் சி3, ஓப்பல் கோர்சா எனப் பிரான்சிலும் அயல்நாடுகளிலும் எம்மவர் அதிகம் ஓட்டும் சிறிய கார்களில் இருப்பது இதுதான். இதில் ரைமிங் பெல்ற், வழமைபோல வெளியே உலர்ந்த நிலையில் ஓடாமல் எஞ்சின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. குளிர்ந்த எஞ்சினோடு குறுகிய தூரம் ஓடும்போது எரியாத பெற்றோல் சிறிது ஒயிலில் கலக்கும். அது பெல்ற்றின் இறப்பரை ஊதவைத்து வெடிக்கச் செய்கிறது. உதிரும் துகள்கள் ஒயில் பம்பின் வடியை அடைக்கின்றன. ஒயில் அழுத்தம் விழுகிறது, எஞ்சின் போய்விடுகிறது. பிரேக்குக்கு உதவும் வெற்றிடப் பம்பையும் இதே துகள்கள் பாதித்ததால் கார்கள் திருப்பி அழைக்கப்பட்டதும் உண்டு. அதிகாலை வேலைக்கு, பிறகு பாடசாலைக்கு, மாலையில் தமிழ் வகுப்புக்கு என்று எமது கார்கள் ஓடுவது பெரும்பாலும் இந்தக் குறுகிய தூரங்கள்தான்.

உரிமையாளர்கள் கூட்டாகக் குரல் எழுப்பிய பின்னரே நிலைமை மாறியது. 2024 மார்ச்சில் ஸ்ரெலான்ரிஸ் நிறுவனம், அளவுக்கு மீறிய ஒயில் செலவுக்கும் பெல்ற் முன்கூட்டியே பழுதடைவதற்கும் 10 ஆண்டு அல்லது 175,000 கிலோமீற்றர் வரை பொறுப்பேற்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 1க்கும் 2024 மார்ச் 18க்கும் இடையில் இதற்காகக் கைக்காசு செலவழித்தவர்கள் அதைத் திரும்பக் கேட்பதற்கு 2025 ஜனவரியில் இணைய வழி திறக்கப்பட்டது. அதாவது, ‘முடிந்துவிட்டது’ என்று சொல்லப்பட்ட உத்தரவாதம் பல ஆண்டுகள் நீண்டது.

ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு: உற்பத்தியாளர் சொன்ன கால அட்டவணைப்படி சேர்விஸ் செய்ததற்கு ஆதாரம் வேண்டும். எம்மவருக்குச் சிக்கல் வருவது இங்கேதான். தெரிந்தவரின் கராஜில், பற்றுச்சீட்டு இல்லாமல், கையில் காசு கொடுத்து ஒயில் மாற்றும் பழக்கம் எம்மிடம் பரவலாக இருக்கிறது. வேலை நன்றாகவே நடந்திருக்கலாம். கடதாசி இல்லையென்றால் அது நடக்கவே இல்லை என்றுதான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும். வெளிக் கராஜில் சேர்விஸ் செய்வது தவறு என்பதல்ல இதன் பொருள். ஐரோப்பியப் போட்டி விதிகளின்படி, அட்டவணையையும் ஒயிலின் தரத்தையும் பின்பற்றியிருந்தால், வெளியில் செய்ததை மட்டும் காரணம் காட்டி உத்தரவாதத்தை மறுக்க முடியாது. தமிழ்க் கராஜ்காரரிடம் கேட்க வேண்டியது திகதி, கிலோமீற்றர், ஒயிலின் வகை ஆகியவை எழுதிய ஒரு பற்றுச்சீட்டு மட்டுமே. வரியோடு சேர்த்துக் கொஞ்சம் கூடுதலாக வரும், வரட்டும்.

நிறுவனம் மறுத்தால் சட்டம் இருக்கிறது. பிரான்சில் குடியியற் சட்டக் கோவையின் 1641ஆம் பிரிவு மறைந்திருந்த குறைபாட்டுக்கு விற்றவரைப் பொறுப்பாக்குகிறது. குறை தெரியவந்ததிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தனி ஆளிடம் வாங்கிய பழைய காருக்கும் இது பொதுவாகப் பொருந்தும். குறை விற்பனைக்கு முன்பே இருந்தது என்று காட்டும் சுமை வாங்கியவருடையது என்பதால் சுயாதீன நிபுணரின் அறிக்கை இல்லாமல் நகர முடியாது. வீட்டு அல்லது வாகனக் காப்புறுதியில் சட்ட உதவிப் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தச் செலவை அது ஏற்கக்கூடும்.

பிரித்தானியாவில் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம், பொருள் நியாயமான காலம் உழைக்க வேண்டும் என்கிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 6 ஆண்டு வரை, ஸ்கொட்லாந்தில் 5 ஆண்டு வரை கோரலாம். வாங்கி 6 மாதம் கடந்துவிட்டால் நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. கோரிக்கை போக வேண்டியது விற்ற நிலையத்துக்கே. உற்பத்தியாளருக்குக் கடிதம் எழுதிக் காலம் கடத்த வேண்டாம். தவணைக் கடனில் எடுத்த கார் என்றால் கடன் கொடுத்த நிறுவனமே பொறுப்பு. 8 வாரத்தில் தீர்வு இல்லையென்றால் நிதித்துறை ஒம்புட்ஸ்மனிடம் இலவசமாக முறையிடலாம். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள காருக்கு ஒரு பகுதியைக் கடன் அட்டையால் கட்டியிருந்தாலும் 1974ஆம் ஆண்டின் சட்டப்படி வங்கியிடம் கேட்கலாம். காசு கொடுத்து இன்னொரு தமிழரிடம் தனிப்பட்ட முறையில் வாங்கியிருந்தால் இங்கே பாதுகாப்பு மிகக் குறைவு. இந்த இடத்தில் பிரெஞ்சுச் சட்டம் மேல்.

எஞ்சின் நின்ற அன்றே நடக்கும் ஒரு தவறு முழு வழக்கையும் கெடுத்துவிடும். ‘கழற்றிப் பார்ப்போம்’ என்று கராஜ் சொல்ல, நாங்களும் தலையாட்டிவிடுகிறோம். உடைந்த பெல்ற்றும் அடைபட்ட வடியும் குப்பைக்குப் போனபின் நிபுணர் வந்து பார்க்க ஒன்றுமில்லை. முதலில் விற்றவருக்கு எழுத்தில் அறிவியுங்கள், படங்கள் எடுங்கள், நிபுணர் பார்க்கும் வரை எஞ்சினைத் திறக்க விடாதீர்கள், கழற்றிய பாகங்களைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கார் இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்களுக்கு: இந்த எஞ்சினில் ஒயில் ஊற்றும் வாய் வழியாகவே பெல்ற்றின் அகலத்தை அளக்க ஒரு சிறு அளவுகோல் இருக்கிறது. அடுத்த சேர்விசில் அளக்கச் சொல்லி, அளந்ததைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள்.