கை நின்றது; நா?

மாணவர்க்கு எழுத்துக்களின் பிறப்பைக் கற்பிக்கும்போதெல்லாம் நாம் தொல்காப்பியரை வியப்பதுண்டு. உந்தியினின்று எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களிற் பொருந்தி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்பவற்றின் முயற்சியால் வெவ்வேறு எழுத்தாகின்றது என்று அவர் கண்டார். அம்முயற்சி எத்துணை நுண்ணியது என்பதை, அது தளருமிடத்தன்றோ நாம் உணர்கின்றோம்!

பல்லேகமவில் எமக்கு அயலவராய் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நடுக்குவாதத்தால் வருந்துகின்றார். 1817இல் ஆங்கில மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்நோயை விரித்தெழுதினார். அவர் பெயராலேயே இது வழங்குகின்றது. மூளையின் ஆழத்தே 'டோபமின்' என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் அழிந்துவர, கை நடுங்கும், உடல் இறுகும், நடை குறுகும். குரலும் தாழ்ந்து, ஏற்ற இறக்கம் இழக்கும். வல்லினமும் வலி குன்றி ஒலிக்கும். வகுப்பு முழுதும் கேட்கப் பாடஞ் சொன்ன அப்பெரியாரின் குரல் இன்று திண்ணையின் மறுகோடிக்கு எட்டுவதில்லை.

மருந்தின் பயன் சீராக நில்லாதபோது, தக்க நோயாளர் சிலர்க்கு மூளையின் ஆழத்தில் மின்வாய்களைப் பொருத்துவர். காறையெலும்பின் கீழ்ப் பதித்த சிறு கருவி, நொடிக்கு ஏறக்குறைய 130 மின்துடிப்புக்களை அனுப்பும். பிரான்சிய நாட்டுக் கிரனோபிள் நகரில் 1987இல் பெனபிட் என்னும் அறிஞர் தொடங்கிவைத்த நெறி இது. அயல்நாடாம் இந்தியாவில், திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்திலும் இது செய்யப்படுகின்றது. நடுக்கமும் இறுக்கமும் பெரிதும் தணிகின்றன. இதனைப் போற்றுகின்றோம்.

இச்செய்தியை நாம் கூறியபோது, அவர் கேட்டது ஒன்றே: "கை நிற்கும், தம்பி, வாய் என்னாகும்?"

அவ்வினா பொருளுடைத்து. கைகால்கள் பெறும் நன்மையைப் பேச்சு அவ்வளவிற் பெறுவதில்லை. சிலர்க்கு மாறுதல் இல்லை. சிலர்க்குப் பேச்சு முன்னையினும் குழறுகின்றது. மின்னோட்டம் குறித்த இடத்தைக் கடந்து, நாவையும் இதழையும் இயக்கும் நரம்பிழைகளிற் பரவுதல் ஒரு காரணம். சொற்களை விரைந்து எடுத்துரைக்கும் ஆற்றலும் சிலர்க்குக் குறைகின்றது. மின்னளவைக் குறைப்பின் பேச்சுத் தெளிதலும் உண்டு. ஆயின் நடுக்கம் மீளக்கூடும். கைக்கும் நாவுக்கும் இடையே துலாக்கோல் பிடிக்கவேண்டிய நிலை இது.

அக்கோலைப் பிடிக்கும் உரிமை நோயாளர்க்கே உரியது என்பது எம் கருத்து. உழவர் ஒருவர் கையை வேண்டலாம். ஆசிரியர் ஒருவர் நாவை வேண்டலாம். ஆதலின், சிகிச்சைக்கு முன்னரே பேச்சைப் பற்றி வெளிப்படையாக உரையாடுதல் வேண்டும். முன்னும் பின்னும் பேச்சை அளந்தறிதலும் வேண்டும். அவ்வளவை நோயாளரின் தாய்மொழியிலேயே நிகழ்தல் இன்றியமையாதது. லகர ளகர ழகரங்கள் மயங்குவதைத் தமிழறியாச் செவி எங்ஙனம் உணரும்?

இங்கேதான் எம் மாணவர்க்கு ஒரு பணி காத்திருக்கின்றது. களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் பேச்சுச் சிகிச்சையைப் பட்டக் கல்வியாகக் கற்பிக்கின்றது. மருத்துவர், பொறியியலர் என்னும் இரு வழிகளையே காணும் பெற்றோரும் மாணவரும் இவ்வழியையும் காண்க. பழைய மாணவர் இக்கல்விக்கு உதவித்தொகை ஒன்றை நிறுவின், அதுவே இவ்விழாவின் நிலைத்த நினைவாகும்.

கையின் நடுக்கம் எவர் கண்ணுக்கும் தெரியும். நாவின் தளர்ச்சியோ, அருகிருந்து செவிகொடுப்பார்க்கே தெரியும். செவிகொடுக்கும் தமிழரை உருவாக்குவது நம் கடன்.