ஆற்றுக்குக் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடி இழை!

சித்திரை வெயிலிலும் கிணற்றுத் தண்ணீர் சில்லென்று இருக்கும். மார்கழி விடியலில் அதே தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரியும். மாறுவது வெளிக்காற்றின் சூடுதான். நிலத்தடி நீரின் வெப்பநிலை ஆண்டு முழுக்க அதிகம் மாறுவதில்லை. ஆற்று நீரோ வெயிலோடு ஏறி, இரவில் இறங்கும். இந்த வித்தியாசத்தை வைத்தே, ஆற்றுக்குள் எங்கே ஊற்று சுரக்கிறது என்று கண்டுபிடிக்கிறார்கள் நீரியல் விஞ்ஞானிகள்.

ஐரோப்பாவின் குட்டி நாடான லக்சம்பர்க்கில் ஒரு சிற்றோடை. அதில் 1,500 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி இழை கேபிளைக் கொண்டு, ஒவ்வொரு மீட்டருக்கும், 2 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையை அளந்தார்கள். நிலத்தடி நீர் 4 இடங்களில் கலப்பது தெரிந்தது. 2007-ல் இந்த ஆய்வு வெளியானது.

எவ்வளவு கலக்கிறது என்பதையும் கணக்கிட்டார்கள். வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவுவது போலத்தான். விளாவும் முன் இருந்த சூடு, விளாவிய பின் உள்ள சூடு, ஊற்றிய நீரின் சூடு மூன்றும் தெரிந்தால், எந்த நீர் எத்தனை பங்கு என்று சொல்லிவிடலாம்.

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் கேபிள் போன்றதுதான் இதுவும். இதற்குள் லேசர் ஒளியைத் துடிப்புகளாகச் செலுத்துவார்கள். வழியெங்கும் சிதறி, துளியளவு ஒளி திரும்பி வரும். அதன் ஒரு பகுதி, இழையின் சூட்டுக்கு ஏற்பக் கூடும், குறையும். திரும்பிவர ஆகும் நேரம் இடத்தைச் சொல்லும். இந்தச் சிதறலுக்குப் பெயர் ராமன் சிதறல். ஆம், திருச்சியில் பிறந்த சர் சி.வி.ராமன் 1928-ல் கண்டறிந்ததேதான்!

ஆறு தன் நீரை நிலத்துக்குக் கொடுக்கும் இடங்களை அறிய, படுகை மணலில் வெவ்வேறு ஆழங்களில் வெப்பமானிகளைப் புதைக்கிறார்கள். நீர் கீழே இறங்கினால் பகல் சூடும் கூடவே ஆழத்துக்குப் போகும். ஊற்று மேலே வந்தால், சூடு மேல்மணலோடு நின்றுவிடும்.

இதெல்லாம் எதற்கு? மழையில்லாத மாதங்களில் பல ஆறுகளை ஓட வைப்பதே ஊற்றுதான். கரையோர ஆழ்துளைக் கிணறுகள் அளவுக்கு மீறி உறிஞ்சினால் அந்த ஊற்று குறையும். இன்னும் உறிஞ்சினால், ஆற்று நீரே நிலத்துக்குள் இழுக்கப்படும். அது கழிவு கலந்த ஆறு என்றால், அழுக்கும் குடிநீர்க் கிணற்றை நோக்கி நகரலாம். கோடையில் ஊற்று சுரக்கும் குளிர்ந்த இடங்களைத் தேடி ஒதுங்கும் சால்மன், ட்ரௌட் மீன்களுக்கும் புகலிடம் இல்லாமல் போகும்.

கிணறும் ஆறும் தனித்தனி அல்ல. ஒரே பானைத் தண்ணீர். கிணற்றில் மொள்ளும்போது ஆறும் குறைகிறது.