பல தடைகளில் தப்பும் துப்பாக்கி: 'போல்ட்-ஆக்‌ஷன்' என்றால் என்ன?

2025 செப்டம்பர் 10. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் அரசியல் ஆர்வலர் சார்லி கிர்க் சுட்டுக் கொல்லப்பட்டார்.

வழக்கமாக இப்படி ஒரு சம்பவம் நடந்தால் "தாக்குதல் பாணித் துப்பாக்கிகளைத் தடை செய்யுங்க!" என்ற குரல் எழும். இந்த முறை அந்த வாதம் பொருந்தவில்லை. அரசாங்க வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த ஆவணத்தின்படி அது ஒரு 'போல்ட்-ஆக்‌ஷன்' துப்பாக்கி. மான் வேட்டைக்குப் போகிறவர்கள் வைத்திருக்கும் வகை.

அது எப்படி வேலை செய்கிறது?

பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் சுட்டு முடித்த காலிக்கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் புதிய தோட்டா உள்ளே போகும். கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். பிறகுதான் சுட முடியும்.

ஒவ்வொரு முறையும் கையால் இதைச் செய்யவேண்டும். பாதித் தானியங்கித் துப்பாக்கிக்கு அது தேவையில்லை. விசையை மட்டும் திரும்பத் திரும்ப அழுத்தினால் போதும்.

வேகம் குறைவுதான். ஆனால் பூட்டு உறுதியானது. நகரும் பாகங்களும் குறைவு. இன்றைய பல வேட்டைத் துப்பாக்கிகளுக்கு 1898இல் ஜெர்மானிய ராணுவத்திற்கு வந்த மௌசர் வடிவமைப்புதான் முன்னோடி.

தோட்டாவில் என்ன இருக்கிறது?

நான்கு பாகங்கள்: பித்தளைக் கூடு, அடியில் தீப்பொறி தரும் பிரைமர், வெடிமருந்து, நுனியில் குண்டு.

அந்த வழக்கில் குறிப்பிடப்படுவது .30-06 தோட்டா. குண்டின் விட்டம் சுமார் 0.30 அங்குலம்; அமெரிக்க ராணுவம் அதை ஏற்ற ஆண்டு 1906. பெயர் வந்த கதை அவ்வளவுதான்.

தேசியச் சேவை செய்தவர்களுக்கு 5.56 மில்லிமீட்டர் தோட்டா பழக்கம். அதன் குண்டு ஏறத்தாழ 4 கிராம். .30-06 குண்டோ சுமார் 10 கிராம், சிலவற்றில் அதற்கும் மேல். ஆமாம், 'வேட்டை'த் தோட்டாதான் கனமானது! பெரிய விலங்கு காயத்தோடு ஓடித் துடிக்காமல் உடனே சாக அது உதவுகிறது.

அப்படியென்றால் ஏன் தடை இல்லை?

சட்டங்கள் பெரும்பாலும் வேகத்தைக் குறிவைக்கின்றன: குறுகிய நேரத்தில் எத்தனை பேரைக் கொல்ல முடியும் என்பதே கேள்வி. 1994 முதல் 2004 வரை அமெரிக்காவில் நடப்பிலிருந்த தடை, போல்ட்-ஆக்‌ஷனுக்கு விலக்கு தந்தது.

நியூஸிலந்தும் அப்படித்தான். 2019இல் கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு, ஒரு மாதத்துக்குள் பெரும்பாலான பாதித் தானியங்கித் துப்பாக்கிகளுக்குத் தடை வந்தது. போல்ட்-ஆக்‌ஷன் தப்பியது. அங்கே மான், ஆடு எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. காட்டைத் தின்று அழிப்பவை. அவற்றைக் கட்டுப்படுத்த வேட்டை தேவைப்படுகிறது.

நியாயம்தான். ஆனால் வேகத்தை மட்டும் பார்க்கும் சட்டத்துக்கு, தொலைவிலிருந்து குறிவைக்கும் ஒருவர் கண்ணில் படமாட்டார்.

வேறு வழி உண்டா?

உண்டு. 'எந்தத் துப்பாக்கி?' என்பதோடு 'யார் கையில்?' என்றும் கேட்கலாம். நியூஸிலந்து 2023இல் துப்பாக்கிப் பதிவேட்டைத் தொடங்கியது. உரிமம் பெற்றவர் தம்மிடம் உள்ள ஒவ்வொரு துப்பாக்கியையும் அதில் பதியவேண்டும். மேற்கு ஆஸ்திரேலியா ஒருவர் எத்தனை வைத்திருக்கலாம் என்பதற்கே வரம்பு வைத்திருக்கிறது.

யூட்டா வழக்கின் ஆவணமோ அதைத் தாத்தாவின் துப்பாக்கி என்கிறது. கடையில் நடக்கும் சோதனை, வீட்டுக்குள் கைமாறும் துப்பாக்கியை எட்டுவதில்லை.

வகையைத் தடை செய்தால் கூட்டக் கொலைகளின் எண்ணிக்கை குறையலாம். ஒரே ஒரு குண்டைத் தடுக்க, அது யாரிடம் இருக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும். பல நாடுகள் இன்னும் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்குகின்றன.