பம்பின் தலையில் விழும் பழி

"பம்ப் போயிருக்கும் சார்." பானெட்டைத் தூக்கும் முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. வண்டி என்னுடைய பழைய அம்பாசடர், 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் 1955-இல் உட்கார்ந்திருந்த அதே பி.எம்.சி. பி-சீரீஸ் குடும்பம்தான். போர் போட்டு, கிராங்க் கிரைண்ட் செய்து, முழு வேலை முடிந்து 300 கிலோமீட்டர்கூட ஓடவில்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் முள் 60-இல் நிற்கும். அரை மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றால் 8-க்கு இறங்கிவிடும். இந்த இன்ஜினுக்கு சூட்டோடு ஐடிலில் 15-க்கு மேல் இருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு மாதத்தில் நடந்ததைப் பழைய கார் வைத்திருக்கும் யாரும் ஊகித்துவிடலாம். முதலில் 20W-50 ஆயிலை வடித்துவிட்டுக் கெட்டியான ஆயில் ஊற்றினார்கள். அப்புறம் ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் ஒரு வாஷர். கடைசியில் புதுப் பம்ப். காலையில் முள் 60-லிருந்து 80-க்கு ஏறியது. சிக்னலில் அதே 8, நல்ல நாளில் 10.

புது இன்ஜினில் பிரஷர் குறைந்தால் பம்பை மாற்று, இல்லையேல் ஆயிலைக் கெட்டியாக்கு என்பது நம் பட்டறைகளில் வேதவாக்கு. பட்டறைகளை மட்டும் சொல்லிப் பயனில்லை. காரை நேசிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும் என்னைப் போன்றவர்களும் இதற்குத் தலையாட்டியே வந்திருக்கிறோம். அடிப்படையிலேயே தவறான நம்பிக்கை இது. பம்ப் பிரஷரை உண்டாக்குவதே இல்லை. அது ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் போகிற வழியில் எவ்வளவு தடை இருக்கிறதோ அதுதான் பிரஷர்.

மாடி வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். மோட்டார் ஓடுகிறது, மேல் மாடிக் குழாயில் தண்ணீர் நூலாக வருகிறது. கீழ்த்தளத்தில் நாலு குழாய் திறந்து கிடக்கும்போது மோட்டாரை மாற்றினால் என்ன ஆகும்? கீழ்த்தளத்தில் இன்னும் வேகமாகக் கொட்டும்.

இன்ஜினுக்குள் இருக்கும் திறந்த குழாய்கள் பேரிங் இடைவெளிகள். இரண்டு அங்குல விட்டமுள்ள மெயின் ஜர்னலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, சுமாராக ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கி அதில் இரண்டு பங்கு இடைவெளி இருக்கலாம். இது நாலு பங்கானால் கசிவும் இரட்டிப்பாகும் என்றுதான் நினைப்போம். அப்படியில்லை, எட்டு மடங்காகும். மெல்லிய இடைவெளி வழியே போகும் ஆயிலின் அளவு அந்த இடைவெளியின் மும்மடிக் கணக்கில் ஏறும். மறுபக்கம், 50 கிரேடு ஆயிலிலிருந்து 60-க்குப் போனால் 100 டிகிரி சூட்டில் அதன் பாகுநிலை கூடுவது சராசரியாகக் கால் பங்கு. எட்டு மடங்கு ஓட்டையைக் கால் பங்கு கெட்டித்தனத்தால் அடைக்கப் பார்க்கிறோம்.

அடைக்க முடியாது என்பதோடு போனால்கூடப் பரவாயில்லை. புதிதாகக் கட்டிய இன்ஜினில்தான் உலோகத் தூள் அதிகம் சுற்றும். ஃபில்டர் முழுமூச்சாக வேலை செய்ய வேண்டிய நாட்கள் அவை. அப்போது கெட்டி ஆயில் ஊற்றினால், காலைக் குளிரில் அந்தக் கூழ் ஃபில்டர் தாளுக்குள் நுழையத் திணறும், பைபாஸ் வால்வு திறக்கும். வடிகட்டாத ஆயில் தூளோடு நேரே புது பேரிங்குக்குப் போகும். மீட்டரில் முள் மட்டும் கம்பீரமாக நிற்கும். பேரிங்கின் சூட்டைச் சுமந்துகொண்டு வெளியேறுவதும் ஆயில்தான். அதனால் பிரஷர் ஏறினால் இன்ஜின் நலம் என்பதும் பொய்யாகலாம். பேரிங் ஷெல்லின் துளை பிளாக்கின் துளையோடு பொருந்தாமல் உட்கார்ந்தால் முள் ஏறித்தான் காட்டும், அந்த பேரிங் பட்டினியில் கருகும்.

ஸ்பிரிங் வாஷர் கதை இன்னும் வேடிக்கை. ரிலீஃப் வால்வு உச்சவரம்பு மட்டும் கட்டுவது. பிரஷர் அந்த வரம்பைத் தொட்டால்தான் அது திறக்கும். சூடான ஐடிலில் 8 காட்டும்போது வால்வு ஏற்கெனவே இறுக மூடித்தான் இருக்கிறது, குப்பை சிக்கித் திறந்தபடி நின்றால் ஒழிய. மூடிய கதவுக்கு இன்னொரு பூட்டு எதற்கு? காலையில் 60 காட்டியது 80 ஆனதற்கு மட்டும் அந்த வாஷர் காரணம்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது மீட்டரைத்தான். அதை நம்பி இறக்கப்பட்ட இன்ஜின்கள் ஏராளம். நேரடிக் குழாய் வைத்த நல்ல மெக்கானிக்கல் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பார்த்தாலே பாதி வழக்குகள் முடியும். அடுத்தது, குளிரிலும் சூட்டிலும் முள் எப்படி நடந்துகொள்கிறது என்பது. இரண்டிலும் குறைவென்றால் வால்வு, சக்‌ஷன் பைப்பில் காற்று, பம்ப் என்று தேடலாம். பம்ப் ஒருபோதும் குற்றவாளி ஆகாது என்று நான் சொல்லவில்லை. குளிரில் நன்றாக இருந்து சூட்டில் விழுந்தால், அதுவும் பம்ப் மாற்றிய பிறகும் விழுந்தால், எங்கோ ஓட்டை. பேரிங், ராக்கர் ஷாஃப்ட், கழுவும்போது கழற்றித் திருப்பி மாட்ட மறந்த கேலரி பிளக் என்று இடங்கள் பல.

என் வண்டியில் அதைக் கண்டுபிடித்தவர் வேறொரு மெக்கானிக். இன்ஜினை இறக்கச் சொல்லவில்லை. ஆயில் சேம்பரை மட்டும் கழற்றினார். வயலில் மருந்தடிக்கும் கைத்தெளிப்பானை நன்றாகக் கழுவி, அதில் ஆயில் ஊற்றி, அதன் குழாயை பிரஷர் மீட்டர் மாட்டும் துளையில் இணைத்தார். "நீங்க பம்ப் அடிங்க சார், நான் பாக்கறேன்" என்று கீழே படுத்துக்கொண்டார். நானும் எட்டிப் பார்த்தேன். மெயின் பேரிங் மூன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாக, மழை விட்ட பிறகு ஓட்டு விளிம்பில் சொட்டுவதுபோல, ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது சரியான கசிவு. நடு கேம்ஷாஃப்ட் பேரிங்கிலிருந்து மட்டும் விரல் தடிமனில் கயிறாக ஊற்றியது.

கேம் பேரிங்கை யாரும் தொடவே இல்லை. பழையதை உருவ வேண்டும், புதியதை ஆயில் துளை பார்த்து அடிக்க வேண்டும், பிறகு மூன்றையும் ஒரே நேர்க்கோட்டில் ரீமர் போட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. வெளியே தெரியாத வேலையும்கூட.

இரண்டாவது முறையாக இன்ஜினை இறக்கினோம். கேம் பேரிங் மூன்றும் மாற்றி, வாஷரை எடுத்துவிட்டு, பழைய பம்பையே அளந்து பார்த்துத் திரும்ப மாட்டினார். ஆயில் முன்போல 20W-50. சூடான ஐடிலில் 22.

முதல் பட்டறையின் பில் இன்னும் என்னிடம் இருக்கிறது. 'முழு இன்ஜின் வேலை' என்று தலைப்பு. பிஸ்டன், ரிங், மெயின் பேரிங், கான்ராட் பேரிங், பெயின்ட் வரைக்கும் எழுதியிருக்கிறார்கள். கேம் பேரிங் என்று ஒரு வரி இல்லை. பில்லைக் கையில் வாங்கிய அன்று அதை நானும் தேடவில்லை.