துடிக்கும் கட்டிக்குச் சூரணம் கிடையாது!

'ஒரு சித்த வைத்தியரே இப்படிச் சொல்லலாமா?' என்று நீங்கள் கேட்கலாம். நான்தான் சொல்ல வேண்டும்.

60 வயதைத் தாண்டிய ஒருவர் என்னிடம் வந்தார். "நாலு மாசமா வயித்து வலி, முதுகுக்கும் பரவுது. உடம்பும் இளைச்சுட்டே வருது. குன்மத்துக்குச் சூரணம் குடுங்க டாக்டர்" என்றார். 40 வருடப் பீடிப் பழக்கம். படுக்க வைத்து வயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்கு மேலே ஒரு கட்டி, நாடியைப் போலவே துடித்தது! சூரணம் தரவில்லை, ஸ்கேனுக்கு அனுப்பினேன்.

இதயத்திலிருந்து இறங்கும் மகாதமனி, வயிற்றுப் பகுதியில் சுமார் 2 செ.மீ. அகலம்தான் இருக்கும். சுவர் பலவீனமானால் பலூன் போல உப்பும். இப்படி உப்பியவர்களில் 100-க்கு 5 முதல் 10 பேருக்கு, சுவர் அழற்சியால் தடித்துவிடுகிறது. 1972-இல்தான் இதற்குத் தனிப்பெயர் கிடைத்தது. சாதாரண வீக்கம் பெரும்பாலும் வெடிக்கும்வரை வாய் திறக்காது. அழற்சி வீக்கமோ முன்கூட்டியே சொல்லும்: வயிற்று வலி அல்லது முதுகு வலி, உடல் மெலிவு, ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். உயர்வு.

அழற்சி பக்கத்து உறுப்புகளையும் பசைபோல ஒட்டிக்கொள்ளும். சிறுநீர்க்குழாய் இறுகினால் சிறுநீரகம் வீங்கும். அதைக் 'கல்லடைப்பு' என்று நினைத்து ஏமாறுவதும் உண்டு. மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேனில், ரத்தக்குழாயைச் சுற்றித் தடித்த உறை தெளிவாகத் தெரியும்.

இது ஆபரேஷனுக்கு முன்பே தெரிவது ரொம்ப முக்கியம். ஒட்டிய குடலைப் பிரிக்கப்போனால் கிழிந்துவிடும். அதனால் சர்ஜன் அதைத் தொடாமல், தமனியைத் திறந்து உள்ளே செயற்கைக் குழாயைத் தைப்பார். அல்லது தொடை இடுக்குத் தமனி வழியாக, வயிற்றைத் திறக்காமலே ஸ்டென்ட் குழாயைப் பொருத்துவார். பிறகு பலருக்கு அழற்சி மெல்ல அடங்கிவிடுகிறது.

ஒல்லியானவர்களுக்கு வயிறு லேசாகத் துடிப்பது இயல்புதான், பயம் வேண்டாம். ஆனால் துடிப்போடு கட்டியும் வலியும் இருந்தால் 'வாயு' என்று எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். திடீரென்று கடும் வலியும் மயக்கமும் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

என் சக வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. நோயாளியை உரிய இடத்துக்கு அனுப்புவது நம் வைத்தியத்துக்குத் தோல்வி அல்ல. நாடி பார்க்கப் பழகிய கைக்கு, எந்தத் துடிப்பு ஆபத்து என்பதும் தெரிய வேண்டாமா?

அந்தப் பெரியவர் ஆபரேஷன் முடிந்து நலமாக இருக்கிறார். பீடியையும் விட்டுவிட்டார். நீங்கள் எப்போது விடப் போகிறீர்கள்?