கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்!

ஸ்டாம்ப் சேர்ப்பவர்களுக்கு ஊரில் ஓரளவு மரியாதை உண்டு. ஆல்பம், லென்ஸ், இடுக்கி என்று பார்ப்பதற்கும் அரை விஞ்ஞானி மாதிரி இருப்பார்கள். எங்கள் கோஷ்டி வேறு. நாங்கள் சேர்ப்பது அடுத்தவர் வீட்டுப் பழைய கடுதாசி. ஆபீஸில் பக்கத்து ஸீட்டுக்காரர் என் ஃபைலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் ஸார், ஊரார் லெட்டரைப் படிக்கிறது தப்பில்லையா?" என்றார். எண்பது வருஷம் ஆகிவிட்டால் அதற்குப் பெயர் தப்பு இல்லை, சரித்திரம் என்றேன். ஃபைலை மூடிவிட்டு, காப்பி சாப்பிடப் போய்விட்டார்.

ஸ்டாம்ப்பைத் தனியாக ஒட்டாமல், காகிதத்திலேயே அச்சடித்துத் தபால் இலாகா விற்கிறது பாருங்கள், அதுதான் எங்கள் சரக்கு. கார்டு, கவர், இன்லண்ட் லெட்டர், ரிஜிஸ்டர் கவர் எல்லாம் இதில் சேர்த்தி. இந்த வம்சத்தின் மூத்த பிள்ளைகளில் ஒன்று இங்கிலாந்தில், 1840 மே மாதம், உலகின் முதல் ஸ்டாம்ப்பான பென்னி பிளாக்கோடு கூடவே பிறந்தது. வில்லியம் முல்ரெடி என்ற ஓவியர் அதற்குப் படம் வரைந்து கொடுத்தார். நடுவில் பிரிட்டானியா தேவி, காலடியில் சிங்கம், நாலு பக்கமும் பறக்கிற தூதர்கள், யானை, ஒட்டகம் எல்லாம் உண்டு. விலாசம் எழுதத்தான் இடம் கொஞ்சம் கம்மி! ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கேலிக் கவர்கள் அச்சடித்துக் கடையில் விற்றார்கள். தபால் சீர்திருத்தம் செய்த ரோலண்ட் ஹில் சில நாட்களிலேயே இது தேறாது என்று புரிந்துகொண்டார். மிச்சமிருந்த கட்டுகளை எரிக்கப் பார்த்தார்கள்; சரியாக எரியவில்லை. கடைசியில் அழிப்பதற்கென்றே ஒரு மெஷின் செய்ய வேண்டியதாயிற்று. இன்றைக்கு முல்ரெடி கவரையும் காசு கொடுத்து வாங்குகிறோம், அதைக் கிண்டலடித்த கவரையும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

கார்டு வந்தது அப்புறம். ஆஸ்திரியா-ஹங்கேரியில் 1869 அக்டோபரில் ஆரம்பித்தார்கள். பத்து வருஷம் கழித்து, 1879 ஜூலை 1 அன்று நம் ஊருக்கு வந்தது. விக்டோரியா மகாராணி தலையோடு, 'ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு', விலை காலணா. ஒரு ரூபாய்க்கு 64 கார்டு. பெஷாவரிலிருந்து தூத்துக்குடிக்குப் போட்டாலும் அதே காலணாதான். 1922-ல் அரையணா ஆக்கும்வரை நாற்பது வருஷத்துக்கு மேல் அந்த விலை அசையவே இல்லை. எந்த நிதி மந்திரியைக் கேட்டாலும் பெருமூச்சு விடுவார்.

நாகர்கோவில் பக்கத்து நண்பர்களுக்கு இன்னொரு அதிர்ஷ்டம். 1956 வரை அது மலையாளத்துப் பக்கம் சேர்ந்திருந்ததால், திருவிதாங்கூர் ராஜாவின் சொந்தத் தபாலான 'அஞ்சல்' கார்டுகள், சங்கு முத்திரையோடு, அவர்கள் தாத்தா பெட்டியில் கிடைக்கும். அந்த அஞ்சல் 1951-ல் இந்தியத் தபாலோடு ஐக்கியமாகிவிட்டது. பெட்டியைத் திறந்து பாருங்கள்.

எழுதாத புதுக் கார்டு எனக்கு ஒரு பொருட்டே இல்லை. எழுதி, முத்திரை குத்தி, கைமாறி வந்ததுதான் கார்டு. எங்கே போட்டார்கள், என்றைக்குப் போட்டார்கள், எந்த ரயிலில் ஆர்.எம்.எஸ். பிரித்தது, என்றைக்குப் போய்ச் சேர்ந்தது, எல்லாம் அந்த வட்டங்களில் இருக்கிறது. போதிய ஸ்டாம்ப் இல்லாமல் போட்ட லெட்டரானால் 'பேரிங்' முத்திரை. வாங்குகிறவர் அழ வேண்டும். யுத்த காலத்து லெட்டரானால் ஸென்ஸார்காரர் பிரித்துப் படித்த அடையாளம். அவர் படிக்கலாமாம், நான் படிக்கக் கூடாதாம்!

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் நம் ஊர்க் கார்டைப் பார்த்ததும் கேட்பது, "நடுவில் என்ன ஓட்டை?" என்றுதான். கடுதாசிக் கம்பியைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்? படித்து முடித்ததும் சுவரில் தொங்கும் வளைந்த கம்பியில் குத்தி வைப்போம். ஓட்டை இருந்தால் அவர்கள் விலையைக் குறைக்கிறார்கள். ஒரு வீட்டார் பத்திரப்படுத்தினார்கள் என்பதற்கு அந்த ஓட்டைதானே சாட்சி? நான் கூட்டித்தான் கொடுப்பேன். ஆனால் கம்பியில் எல்லாம் ஏறாது. சாவுச் செய்தி வந்தால் படித்த கையோடு கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால் பழைய கார்டுக் கட்டை மட்டும் பார்த்தால், நம் முன்னோர்கள் கல்யாணம் செய்தார்கள், கடன் கேட்டார்கள், யாரும் சாகவே இல்லை என்று தோன்றும்.

காரைக்குடியில் ஒரு பழைய சாமான் கடையில் 19 கார்டு கொண்ட கட்டு ஒன்று வாங்கினேன். ரங்கூன் மொகல் தெருவில் ஒரு வட்டிக்கடையில் அடுத்தாளாக, அதாவது ஏஜெண்டுக்கு அடுத்தபடியாக, இருந்தவர் ஊரிலிருக்கும் அண்ணனுக்கு எழுதியவை. முதல் சில கார்டுகள் சாதாரண இந்தியக் கார்டு. ஏனென்றால் 1937 மார்ச் வரை பர்மாவும் இந்தியாவோடுதான் இருந்தது. அப்புறம் 'பர்மா' என்று அச்சடித்தவை. எல்லாவற்றிலும் பிள்ளையார் சுழி, க்ஷேமம், வட்டிக் கணக்கு, தங்கைக்குத் தோடு. மனுஷர் இரண்டு வருஷமாக அந்தத் தோட்டைப் பற்றியே எழுதுகிறார்.

பத்தொன்பதாவது கார்டில் 'விஷு வருஷம் கார்த்திகை' என்று மட்டும் போட்டிருக்கிறது, தேதி இல்லை. 1941 நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் நடுவரை என்று கணக்கு. டிசம்பர் 8 அன்று ஜப்பான் யுத்தத்தில் இறங்கிற்று. 23-ம் தேதி ரங்கூன் மேல் குண்டு போட்டது. அப்புறம் லட்சக்கணக்கானவர்கள் காடு மலை தாண்டி நடந்தே இந்தியாவுக்கு வந்தார்கள். ஆக, இவர் எழுதியது 8-ம் தேதிக்கு முன்னாலா, பின்னாலா என்பது முக்கியம். முத்திரை சொல்லியிருக்கும்.

முத்திரை இல்லை. அந்த வீட்டில் எந்தப் பையனோ ஸ்டாம்ப் ஆல்பத்துக்காக அந்த மூலையைக் கத்தரித்துவிட்டான். ரங்கூன் முத்திரை, நம் ஊர் முத்திரை இரண்டும் அதோடு போயிற்று. கார்டைத் திருப்பினால் இன்னும் மோசம். ஸ்டாம்ப்புக்குப் பின்பக்கம் கடிதத்தின் இடது மூலை. முதல் நாலைந்து வரிகளுக்குத் தலை இல்லை. '...வரும் என்று பேசிக்கொள்கிறார்கள்.' '...டிக்கட் கிடைப்பது கஷ்டம்.' '...ஆத்தாளிடம் சொல்ல வேண்டாம்.'

எது வரும் என்று பேசிக்கொண்டார்கள்? கப்பலா, ஜப்பான்காரனா? ஆத்தாளிடம் எதைச் சொல்ல வேண்டாம்? அரை மணிக்கொருதரம் அந்த ஓட்டை வழியாகப் பார்க்கிறேன். என் வீட்டுச் சுவர்தான் தெரிகிறது. தோடு வாங்கினாரா என்றும் தெரியவில்லை. கட்டில் இருபதாவது கார்டு கிடையாது.

அந்தப் பையன் வெட்டிய ஸ்டாம்ப்புக்கு இன்றைக்கு டீக்காசுகூடத் தேறாது. முழுக் கார்டாக இருந்திருந்தால் விலையே வேறு. ஆகவே வீட்டைக் காலி செய்யும்போது பழைய கார்டு அகப்பட்டால் வெட்டாதீர்கள், ஸெல்லோடேப் ஒட்டாதீர்கள், லாமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். கம்பியில் இருந்த வரிசை கலையாமல் ஒரு கவரில் போட்டு வையுங்கள். பழைய பேப்பர் கடைக்குப் போடலாமா என்று கேட்பீர்களானால், எங்கள் தெருக் கடைக்காரர் ரொம்பத் தேறிவிட்டார். போன வாரம், "கார்டு ஏதாச்சும் வந்துதாப்பா?" என்றேன். "வந்திருக்கு ஸார். ஆனா உங்களுக்குக் கிலோக் கணக்கு கிடையாது, பீஸ் கணக்கு" என்கிறார்.