அரை மணியில் ஒரு தாய்லாந்துக் குழம்பு

"இன்னிக்கு ராத்திரி தாய்க் கறி செய்யப் போறேன்" என்று என் பெண் அறிவித்ததும், என் மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். "என்னடி இது, கேக்கவே நல்லால்லையே!" தாய்லாந்துக் குழம்பு என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார். சிரித்துக்கொண்டே ஆரம்பித்த அந்த ராத்திரி ஆஸ்பத்திரியில் போய் முடியும் என்று யார் கண்டது?

கடையில் வாங்கிய பாட்டில் மசாலா. மேலே பச்சை மிளகாயும் இலையுமாக அழகான படம். தேங்காய்ப் பாலில் கலந்து, காய்கறி போட்டு, சீக்கிரமே இறக்கிவிட்டாள். எங்கள் சின்னவனுக்கு இறால் ஆகாது. அது மூன்று வயதிலேயே தெரிந்த விஷயம். காய்கறிக் குழம்புதானே என்று நான்தான் பரிமாறினேன். நாலு வாய் சாப்பிட்டிருப்பான். "அம்மா, உதடு என்னமோ பண்ணுது" என்றான். பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. குரல் கம்மி, மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டுக்காரர்தான் அவனை அள்ளிக்கொண்டு ஓடினார்.

தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். சில நிமிஷங்களில் மூச்சு சீரானது. அடங்கியது மறுபடி கிளம்பலாம் என்று விடிய விடிய அங்கேயே வைத்துக்கொண்டார்கள். வீட்டில் அரிப்பு மாத்திரையைத் தேடி நான் ஐந்து நிமிஷம் வீணாக்கியதை டாக்டரம்மாவிடம் சொன்னேன். "மாத்திரை தடிப்பை அடக்கும்மா, மூச்சுத் திணறலை நிறுத்தாது. இனிமே தேடிக்கிட்டு நிக்காதீங்க" என்றார்.

மறுநாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருந்தது. பொடி எழுத்தில் இறால் விழுது என்றும் இருந்தது! அந்த ஊரில் அதற்குக் 'கப்பி' என்று பெயர். பெரும்பாலான குழம்பு மசாலாக்களில் அதுதான் ருசிக்கு அடிப்படையாம். இறால், மீன், முட்டை, பால், வேர்க்கடலை, சோயா இருந்தால் தனியே குறிப்பிட வேண்டும் என்று நம் நாட்டின் 2020 லேபிள் விதிகளே சொல்கின்றன. போட்டுத்தான் இருந்தான், வாங்கியவளும் படிக்கவில்லை, பரிமாறியவளும் படிக்கவில்லை.

பெண் இரண்டு நாள் அழுதாள். சின்னவனோ, "ஆனா நாலு வாயும் நல்லாத்தாம்மா இருந்துது" என்றான்! சரி, நாமே அரைத்தால் என்ன என்று உட்கார்ந்தேன்.

நாலு பேருக்குப் பச்சை மிளகாய் ஆறு, சின்ன வெங்காயம் எட்டு, பூண்டு ஆறு பல், இஞ்சி ஒரு துண்டு, கொத்தமல்லித் தண்டு வேரோடு ஒரு பிடி, எலுமிச்சைப் புல்லின் வெள்ளை அடித்தண்டு இரண்டு. தனியா ஒரு ஸ்பூன், சீரகம் அரை ஸ்பூன் வறுத்து, உப்போடு எல்லாவற்றையும் மிக்ஸியில் நைசாக அரையுங்கள். எலுமிச்சைப் புல்லை மெல்லிய வில்லைகளாக நறுக்கிப் போடாவிட்டால் வாயில் நார் நாராக அகப்படும்.

ஒரு தேங்காயில் கெட்டிப்பால் தனி, இரண்டாம் பால் தனி. எண்ணெய் வேண்டாம். கெட்டிப்பாலில் பாதியை வாணலியில் விட்டு, எண்ணெய் பிரியும் வரை கொதிக்கவிட்டு, அதில் விழுதை வதக்குங்கள். தெருக்கோடி வரை மணக்கும். பிறகு இரண்டாம் பால், கத்தரிக்காய், பீன்ஸ். அங்கே இந்தக் குழம்பில் நம்ம பச்சைச் சுண்டைக்காயே போடுகிறார்கள் என்றால் நம்புவீர்களா? மாமியாருக்கு இதைக் கேட்டதும் தாய்லாந்து மேல் தனி மரியாதை வந்துவிட்டது. காய் வெந்ததும் மீதிக் கெட்டிப்பால், துளி வெல்லம், இரண்டு நாரத்தைக் கொழுந்து, கடைசியில் திருநீற்றுப் பச்சிலை ஒரு கை. நம் சப்ஜா விதை அந்தச் செடியினுடையதுதான். மீன் சாஸ் ஊற்றுவது அங்கத்திய வழக்கம். எனக்குத் துணிச்சல் வரவில்லை, உப்போடு நிறுத்திக்கொண்டேன்.

உதிரியாக வடித்த பச்சரிசிச் சாதத்துக்கு ஜோர்! சின்னவன் தட்டில் கை வைக்குமுன், "இதுல என்னென்ன இருக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். ஒன்று விடாமல் சொன்னேன்.

எலுமிச்சைப் புல் மீந்தால் எறியாதீர்கள். அடித்தண்டைத் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் வேர் விடும், தொட்டியில் நட்டுவிடலாம்.